நம்பத்தக்க சாட்சி

நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடைபெறுங்கால், சாட்சிக்கூண்டில் ஏறி நிற்பவனை எதிர்க்கட்சி வக்கீல் வினவத் தொடங்குவது பெரும்பாலும் அவன் கண்ட காட்சியைப் பற்றியன்று. அவன் யார், அவன் ஒழுக்கம் எத்தகையது, முன்னர் எங்கேனும் பொய்யுரைத்ததுண்டா, வழக்காடுவோரிடம் அவன் கடன்பட்டிருக்கின்றானா என்பனவற்றையே அவர் முதலில் கிளறுவார். சாட்சியின் சொல் எவ்வளவு தெளிவாயிருப்பினும், சொல்பவனிடத்து நம்பிக்கை பிறவாவிடின் அச்சொல் காற்றோடு போகும். கிறிஸ்தவர்களாகிய நாம் 'சாட்சி' என்னும் இச்சொல்லை ஆலயத்திலும் ஜெபக்கூட்டத்திலும் ஓயாது வழங்கி வருகின்றோம். ஆயினும், சாட்சி சொல்லுதல் என்பது நாவினால் மாத்திரம் நிகழ்வதோர் செயலென்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். அச்சொல் நீதிமன்றத்துக்கும் உரியது என்பதையும், அங்கே சொல்லோடு சொல்பவனும் விசாரிக்கப்படுகின்றான் என்பதையும் நாம் நினைப்பதில்லை.

விசுவாசத்தை அன்றாட வாழ்க்கையில் நடத்திக் காட்டுதல், அதனைப் பிறருக்கு எடுத்துரைத்தல் என்னும் இரண்டும் இரு வேறு கடமைகளாகவே நம்மிடையே பேசப்படுகின்றன. சிலர் முதலாவதைத் தமக்கென்று வைத்துக்கொண்டு இரண்டாவதைப் போதகர்களுக்கு விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் இரண்டாவதில் மிகுந்த ஊக்கங்காட்டி முதலாவதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கின்றனர். இவ்விரண்டும் ஒன்றே என்பதும், நாணயம், நேரம், பந்தி ஆகிய சிறிய காரியங்களில் அயலான் நம்மீது வைக்கும் நம்பிக்கையே நமது வாய்ச்சொல்லுக்கு அஸ்திபாரம் என்பதும் என் கருத்து. நம் கல்லூரியின் மாணவர்களும் ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் இதனை ஆராய்ந்து பார்க்குமாறு இச்சிறு கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இக்கருத்தை எனக்கு முதன்முதற் புகட்டியவர் வேதபண்டிதர் ஒருவரல்லர். ஒரு தேநீர்க் கடைக்காரர். நான் விடுதி மாணவனாயிருந்த காலத்தில், ஞாயிறுதோறும் நண்பர் சிலரோடு அண்டைக் கிராமங்களுக்குச் சென்று, ஆர்மோனியம் வாசித்துப் பாடி, சிறு பிரசங்கங்கள் செய்து வருவது வழக்கம். நாங்கள் பாடும் இடங்களுள் ஒன்று அக்கடையின் எதிரேயிருந்த ஆலமரத்தடி. அதே கடையில் வாரநாள்களில் நான் தேநீரும் வடையும் உண்டு, 'கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிப் போய்விடுவேன். இவ்வாறு மூன்று மாதம் கழிந்தது. ஒரு ஞாயிறு மாலை, பாட்டு முடிந்து நாங்கள் புறப்படுகையில் அப்பெரியவர் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, இன்றைக்குப் பாட்டு ரொம்ப நன்றாயிருந்தது. நம்ம கணக்கும் கொஞ்சம் நன்றாகிவிட்டால், இன்னும் நன்றாகக் கேட்கும்" என்றார். அவர் குரலில் கோபமில்லை, ஏளனமுமில்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மூன்று மாதமாக நான் அவருக்குப் பிரசங்கித்து வந்ததாக எண்ணியிருந்தேன். மெய்யாகவே பிரசங்கித்தேன், ஆனால் அவர் கேட்டது என் பாட்டையன்று, தம் கணக்குப் புத்தகத்தையே.

நம் நாட்டுத் திருச்சபைச் சரித்திரத்தில் இவ்வுண்மைக்கு மிகப் பெரியதோர் எடுத்துக்காட்டு உண்டு. ஸ்வார்ட்ஸ் ஐயர் என்று நம் முன்னோர் அன்போடு அழைத்த பிரஷ்ய தேசத்துக் குருவானவர், 1750ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்துசேர்ந்து, திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் தம் வாழ்நாளைக் கழித்து, 1798ஆம் ஆண்டில் தஞ்சையிலேயே உயிர்நீத்தவர். 1779ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கத்தார் மைசூரை ஆண்ட ஹைதர் அலியினிடத்து ஒரு தூதரை அனுப்ப விரும்பியபோது, மற்றவர்களை நம்பாத ஹைதர் அலி, இவர் தம்மை வஞ்சிக்கமாட்டார் என்று சொல்லி இவரையே வரவிடச் சொன்னதாக வரலாறு கூறும். ஐயர் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று திரும்புகையில் வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்த முந்நூறு ரூபாயையும் அவர் தமதென்று வைத்துக்கொள்ளவில்லை. அதனை அரசாங்கத்தாரிடம் ஒப்புவிக்க, அவர்கள் வாங்க மறுத்தபின், தஞ்சையில் ஒரு தருமப் பள்ளிக்கூடத்துக்கு முதலாக்கினார்.

1780ஆம் ஆண்டில் போர் மூண்டது. தஞ்சைக் கோட்டையில் தானியம் இல்லை. பட்டினியால் சிப்பாய்கள் தெருக்களில் விழுந்து மாண்டனர். நாட்டுப்புறத்திலோ நெல் இருந்தது. அதனைக் கொண்டுவர மாடுகள்தாம் இல்லை. மாடுடையவர்கள் வர மறுத்ததற்குக் காரணமும் இருந்தது. முன்னர் அவர்கள் கொண்டுவந்த பொருளை அதிகாரிகள் வாங்கிக்கொண்டு கூலியும் கொடாது, விலையும் கொடாது ஏமாற்றியிருந்தனர். அரசருடைய வாக்கும் செல்லவில்லை. ஆங்கிலேயருடைய வாக்கும் செல்லவில்லை. அந்நிலையில், குடிகள் இக்குருவையாவது நம்புவார்களா பார்ப்போம் என்று அரசரே சொல்ல, ஸ்வார்ட்ஸ் ஐயர் நாற்புறமும் கடிதம் அனுப்பி, பகைவர் கவர்ந்துகொள்ளும் ஒவ்வொரு மாட்டுக்கும் தம் கையாலேயே விலை கொடுப்பதாக வாக்களித்தார். ஓரிரு நாள்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. உபதேசியார்கள் உயிருக்கு அஞ்சாது ஊரூராகச் சென்று அழைக்க, குறுகிய காலத்தில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. பின்னர் ஐயர் ஒவ்வொருவருக்கும் சேரவேண்டியதைக் கொடுத்து, சிறு வெகுமதியும் அளித்து வீட்டுக்கு அனுப்பினார்.

இந்நிகழ்ச்சியைப் படிக்குந்தோறும் என் நெஞ்சிற் படுவது யாதெனின், அம்மாட்டுக்காரர்கள் அவருடைய பிரசங்கத்தைக் கேட்டு மனந்திரும்பியவர்கள் அல்லர் என்பதே. பெரும்பாலார் அவர் மார்க்கத்தைச் சேராதவர்கள், சேரவும் எண்ணாதவர்கள். எனினும், இம்மனிதர் சொன்னால் சொன்னதுதான் என்று அவர்கள் அறிந்திருந்தனர். அவ்வறிவு ஒரு நாளில் பிறந்ததன்று. அவர் அதுவரை தெருவில் நடந்த நடை, வாங்கிய பொருளுக்குக் கொடுத்த விலை, குறித்த வேளையிற் போய்நின்ற ஒழுங்கு ஆகியவற்றால் சிறுகச் சிறுகச் சேர்ந்த முதல் அது. பஞ்ச காலத்தில் ஒரே நாளில் அது செலவுக்கு வந்தது. அவரைத் தந்தையென்று போற்றிய சரபோஜி மன்னர் கடைசிவரை இந்து மதத்திலேயே நின்றார். அவர் தஞ்சை ஆலயத்தில் ஐயருக்குச் சலவைக் கல்லில் நினைவுச் சின்னம் அமைத்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நமக்குப் பெருமையாயிருக்கும். ஆனால் உண்மை முழுமையாகாது. நாணயக் காரியத்தில் நாடே நம்பிய அச்சபை, பந்திக் காரியத்தில் நம்பத்தக்கதாயிருந்ததா? இல்லை. ஸ்வார்ட்ஸ் ஐயர் காலத்திலேயே ஆலயத்தில் சாதிக்கொரு பக்கம் உட்கார்தல் பொறுத்துக்கொள்ளப்பட்டது. அது காலப்போக்கில் தானே தேய்ந்துபோகும் என்று எண்ணப்பட்டது, தேயவில்லை. 1833ஆம் ஆண்டில் கல்கத்தா அத்தியட்சராகிய டானியேல் வில்சன் என்பார், சபையில் சாதி வேறுபாடு உடனே முற்றிலும் ஒழியவேண்டுமென்று கட்டளை பிறப்பித்தபோது, தஞ்சையிலும் திருச்சியிலும் சென்னை வேப்பேரியிலும் பெருங்கலக்கம் விளைந்தது. ஒரே திருவிருந்தில், ஒரே பாத்திரத்தில், தம்மினும் தாழ்ந்தவரென்று தாம் கருதியவரோடு பங்குபெறுவதைவிடச் சபையை விட்டு விலகுவதே மேலென்று பலர் விலகினர். மாட்டுக்கு விலை கொடுப்போம் என்ற சொல்லை மெய்ப்பித்த சபை, எல்லாரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்ற சொல்லை மெய்ப்பிக்கத் தவறியது. அயலான் இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அது பழங்கதை என்று நாம் தள்ளிவிட இயலாது. நம் நாட்டில் இறந்தோரையும் சாதிக்கொரு புறமாக அடக்கம் செய்யும் கல்லறைத் தோட்டங்கள் இன்றும் உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்கள் கொடுக்கும் மணமக்கள் விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். சபையின் பெயருக்கு அடுத்தாற்போல் சாதியின் பெயர் நிற்பதைக் காண்பீர்கள். வரதட்சிணையைக் 'காணிக்கை' என்னும் பெயரால் வாங்குவோரும் நம்மிடையே இல்லாமற் போகவில்லை. காலைதோறும் கைப்பேசியில் வேதவசனப் படங்களை நூறு பேருக்கு அனுப்பும் நம் கைகளே, மாலையில் இவ்விளம்பரங்களையும் எழுதுகின்றன. வசனத்தைப் பெற்றவர் நூறு பேரில் ஒருவர் விளம்பரத்தையும் படிப்பார். அவர் எதனை நம்முடைய மெய்யான விசுவாச அறிக்கையென்று கொள்வார்?

இவ்விடத்தில் அசரியா அத்தியட்சரை நினைத்தல் தகும். திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874ஆம் ஆண்டில் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்ற அவர், 1910ஆம் ஆண்டில் எடின்பரோவில் நடைபெற்ற உலக மிஷனெரி மாநாட்டில் பேசியது இன்றளவும் மறக்கப்படவில்லை. மேல்நாட்டு ஊழியர்கள் நம் நாட்டுக்குச் செய்த தானங்களுக்கும் தியாகங்களுக்கும் நன்றி கூறிவிட்டு, எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று அவர் வெளிப்படையாகக் கேட்டார். வெள்ளைக்காரக் குருமார் பலர் தம்மோடு ஊழியஞ்செய்யும் இந்தியரைத் தம் வீட்டுப் பந்தியில் சமமாக அமர்த்துவதில்லை என்பதே அவ்வேண்டுகோளின் உட்கிடை. அவையிற் சிலர் மனம் புண்பட்டனர் என்பர். ஆனால் அவர் கேட்டது பொருளையன்று, பதவியையுமன்று. ஒரு நாற்காலியையும் ஒரு தட்டுச் சோற்றையும், அவற்றின் பின்னே இருக்கவேண்டிய அன்பையுமே.

1912ஆம் ஆண்டின் இறுதியில், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அபிஷேகம் பெற்று, தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல் என்னும் இடத்துக்கு அவர் சென்றார். அங்கே சபையிற் சேர்ந்தோர் பெரும்பாலும் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர், நிலமில்லாக் கூலிகள், எழுத்தறியாதவர்கள். அவர்களுள் ஒவ்வொருவரும் சாட்சியாகவேண்டும் என்று அத்தியட்சர் வற்புறுத்தினார். அவர்கள் எவ்வாறு சாட்சியாயினர்? குடியை விட்டனர், வீட்டையும் தெருவையும் துப்புரவாக வைத்தனர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர், மாலையிற் கூடிப் பாடினர். அவர்களைத் தெருவிலும் ஏற்றுக்கொள்ளாத வகுப்பினர் இம்மாறுதலைத் தூரத்திலிருந்து பார்த்தனர். 1920ஆம் ஆண்டுகள் கழிவதற்குள் அவ்வகுப்பினரிற் பலரும் வந்து இதன் காரணத்தை வினவவும் சபையிற் சேரவும் தொடங்கினர். தங்கள் வயலிற் கூலி வேலை செய்தவரையே அவர்கள் ஆசிரியராகக் கொள்ள நேர்ந்தது. படித்தவர் படியாதவருக்கு உரைப்பதே சுவிசேஷம் என்று எண்ணுவோர்க்கு இஃது ஓர் நல்ல பாடம்.

இனி, இதற்கு மாறாக எழும் இரண்டு கேள்விகளை ஆராய்வோம். முதலாவது: நன்னடக்கையே போதுமாயின், வாய்திறந்து சொல்லவேண்டுவது என்ன? நல்லவனாயிருந்துவிட்டு மௌனமாயிருப்பது அன்றோ பணிவு? இக்கேள்வி அழகாகத் தோன்றினும், இதிற் பாதி சோம்பலும் பாதி கூச்சமும் கலந்திருக்கின்றன. நடக்கையை மட்டும் காட்டி அதன் காரணத்தை மறைப்பவன், அப்புகழைத் தனக்கே சேர்த்துக்கொள்ளுகின்றான். நம்மிடம் நன்மை ஏதேனும் இருக்குமாயின், அது நம் குணத்தின் மேன்மையால் வந்ததன்று. மன்னிக்கப்பட்டவர்கள் என்னும் அறிவினாலே வந்தது. அதனைச் சொல்லாது விடுதல் நன்றி மறத்தலாகும். ஸ்வார்ட்ஸ் ஐயரும் வெறும் நாணயஸ்தராக மட்டும் இருந்தவரல்லர். தமிழ், மராத்தி, பாரசீகம் முதலிய மொழிகளை வருந்திக் கற்று, அரசரிடத்தும் குடிகளிடத்தும் தம் ஆண்டவரைப் பற்றி ஓயாது பேசினார். அவர் பேச்சுக்கும் நடக்கைக்கும் இடையே பிளவு இல்லாதிருந்ததே சிறப்பு. நம்மிடத்துள்ள நம்பிக்கையின் காரணத்தைக் கேட்பவர்க்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் விடைசொல்ல ஆயத்தமாயிருக்கவேண்டும் என்பது பேதுரு அப்போஸ்தலரின் புத்திமதி. கேட்பவர் ஒருவர் இருக்கவேண்டும் என்பது அதில் அடங்கியுள்ளது. அவரைக் கேட்கச் செய்வது நம் வாழ்க்கை. கேட்டபின் விடைசொல்லுவது நம் வாய்.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. பல சமயத்து மாணவர்கள் சேர்ந்து வாழும் கல்லூரியில், ஒருவன் தன் விசுவாசத்தைப் பிறனிடம் பேசுவது நியாயமாகுமா? 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 25ஆம் உறுப்பு, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் நலவாழ்வுக்கும் கேடின்றி, மதத்தைக் கைக்கொள்ளவும் அனுசரிக்கவும் பரப்பவும் யாவர்க்கும் உரிமையளிக்கின்றது. பரப்பும் உரிமை பிறனொருவனை மதம் மாற்றும் உரிமையாகாது என்று உச்ச நீதிமன்றம் 1977ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பைக் குறித்துக் கிறிஸ்தவர்களிடையே வருத்தமும் விவாதமும் எழுந்தன. சட்டநுணுக்கம் எவ்வாறாயினும், ஒருவனை மாற்றுவது மனிதன் கையிலுள்ள காரியமன்று என்பது நம் விசுவாசத்தின் முதற்பாடமே. நாம் சொல்லலாம், கேட்பவன் மனச்சாட்சி அவனுக்கும் கடவுளுக்கும் இடையேயுள்ளது. அதனுள் கைவிட்டு இழுப்பவன் அன்பை இழந்துவிடுகின்றான்.

ஆதலின் ஆசிரியராயிருப்போர் இங்கே மிக்க எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். மதிப்பெண் இடும் கையினால் துண்டுப்பிரசுரம் நீட்டினால், அதை வாங்கும் மாணவன் எதற்காக வாங்கினான் என்று யார் அறிவார்? கடன் கொடுத்தவன், வேலை கொடுத்தவன், விடுதியில் இடங்கொடுத்தவன் ஆகிய யாவரும் இவ்வெச்சரிக்கைக்கு உட்பட்டவரே. நம் கையில் அதிகாரம் எவ்வளவு உண்டோ அவ்வளவுக்கு நம் நா அடங்கியிருத்தல் நலம். அன்றியும், பகிர்தல் என்பது ஒருவழிப் பாதையன்று. 1839ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு வந்த போப்பையர், பிரசங்கிக்க வந்தவரேயாயினும், மாணாக்கராக அமர்ந்து கற்றார். 1886ஆம் ஆண்டில் திருக்குறளையும் 1900ஆம் ஆண்டில் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அயலான் தன் பக்தியைப் பற்றிச் சொல்லுங்கால் பொறுமையாய்ச் செவிகொடுத்தவனுக்கே, தன் பக்தியைப் பற்றிச் சொல்லும் உரிமை நட்பின்பாற் பிறக்கின்றது. செவியில்லாத நாவுக்கு அவ்வுரிமை கிடையாது.

கேட்போர் வேற்று மதத்தினராயினும், நம்மைக் குறித்து அவர்களே சாட்சி சொல்லும் நாள் வருமாயின் அதுவே நமக்குச் சிறந்த நாள். மாயூரம் முனிசீபாயிருந்த வேதநாயகம் பிள்ளைக்கு அத்தகைய நாள் வந்தது. தமிழில் முதல் நாவலை 1879ஆம் ஆண்டில் வெளியிட்டவர் என்றே மாணவர்கள் அவரை அறிவர். அவர் கத்தோலிக்க விசுவாசி. தம் ஆண்டவரைப் புகழ்ந்து கீர்த்தனைகள் பாடியவர். பிற சமயத்தாரும் சேர்ந்து பாடத்தக்க கீர்த்தனைகளையும் இயற்றியவர். நீதிபதியின் நாற்காலியில் இருந்துகொண்டே, கைக்கூலி வாங்கும் அதிகாரிகளைத் தம் பாட்டுகளில் கண்டித்தவர். 1876ஆம் ஆண்டு முதல் 1878ஆம் ஆண்டு வரை தென்னாட்டைப் பாழாக்கிய தாது வருஷப் பஞ்சத்தில், அவர் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். அதனைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார், நந்தனார் சரித்திரத்தைப் பாடிய அப்பெருஞ்சிவபக்தர், இக்கிறிஸ்தவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். வேதநாயகம் பிள்ளை அவரைத் தம் மார்க்கத்துக்கு இழுத்ததாக எங்கும் செய்தியில்லை. ஆயினும், ஒரு சிவபக்தர் வாயிலாகவே ஒரு கிறிஸ்தவருடைய அன்பு பாட்டாயிற்று.

மாணவ நண்பர்களே, மேலே கூறியவை பெரியோர் சரித்திரங்கள். நமக்குப் பஞ்சகாலத்துக் கோட்டையும் வராது. எடின்பரோ மேடையும் கிட்டாது. நமக்குக் கிட்டுவன சிறிய காரியங்களே. தேர்வு மண்டபத்தில் பக்கத்து மேசையின் விடைத்தாள். நடத்துநர் கேட்க மறந்த பேருந்துக் கட்டணம். இரவல் வாங்கித் திருப்பாத புத்தகம். உணவுக்கூடத்தில் தனியே உட்கார்ந்திருக்கும் புதிய மாணவன். விடுதியைக் கூட்டிச் சுத்தஞ்செய்யும் அம்மையாரின் பெயரை நாம் அறிந்திருக்கின்றோமா என்பது. பழைய மாணவர்களாகிய உங்களுக்கோ, மேசைமேல் நகராமற் கிடக்கும் ஏழையின் மனு; வீட்டுவேலை செய்பவருக்கு மாதமுதலில் கொடுக்கவேண்டிய கூலி; மகனுடைய கலியாணப் பேச்சில் வாய்திறந்து சொல்லவேண்டிய ஒரு மறுப்பு. ஆசிரியர்களுக்கு, திருத்தப்படாமல் வாரக்கணக்கில் அலமாரியில் உறங்கும் விடைத்தாட்கட்டு. இவற்றுள் எதுவும் ஆலய அறிக்கையில் இடம்பெறாது. ஆயினும், நம்மைச் சூழ்ந்திருப்பவர்கள் நாடோறும் கணக்கெழுதுவது இவற்றையே.

இவை யாவற்றிலும் தவறாதவன் மட்டுமே வாய்திறக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அவ்வாறாயின் ஒருவரும் பேச இயலாது, இக்கட்டுரையும் எழுதப்பட்டிராது. தவறிய இடத்தில் தவறினேன் என்று ஒப்புக்கொள்ளுதலும், கொடுக்கவேண்டியதைக் கொடுத்துத் தீர்த்தலும் சாட்சியின் ஒரு பகுதியே. சகேயு என்னும் ஆயக்காரன் ஆண்டவரைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டபோது முதலிற் பேசியது கோட்பாடுகளைப் பற்றியன்று. தான் அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதைப் பற்றியே. மனந்திரும்புதல் அவன் பணப்பையில் தொடங்கிற்று. ஊரார் அதனை நம்பியிருப்பர் என்பதில் ஐயமில்லை. ஏனெனில் அவர்கள் கையிலேயே அது வந்து சேர்ந்திருக்கும்.

என் தேநீர்க் கடைக்காரரின் கதையை முடிக்காது விட்டேன். அடுத்த வாரமே வீட்டிலிருந்து வந்த பணத்தைக் கொண்டுபோய்க் கணக்கைத் தீர்த்து, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு தேநீர் கொடுத்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். சில நாள் கழித்து, வெளியூரில் வேலை பார்க்கும் தம் மகனுக்கு ஒரு கடிதம் எழுதித் தருமாறு கேட்டார். தந்தைக்கும் மகனுக்கும் இடையே இருந்த மனத்தாங்கல் முழுவதையும் அவர் சொல்ல, நான் எழுதினேன். பின்னர் அவர் கடிதங்களையெல்லாம் நானே எழுதலானேன். ஒரு மழைநாள் மாலை, கடையில் வேறொருவரும் இல்லாதபோது, "தம்பி, ஞாயிற்றுக்கிழமை பாடுகிறீர்களே, அந்த மன்னிப்பு என்பது எங்களைப்போன்றவர்களுக்கும் உண்டா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததை நாலைந்து வாக்கியங்களில் சொன்னேன். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். அவர் கிறிஸ்தவராகவில்லை. அந்த மாலையே மகனுக்கு இன்னொரு கடிதம் எழுதச் சொன்னார். அதில் பழைய குறைகள் ஒன்றும் இல்லை.

என் வாழ்நாளில் நான் செய்த பிரசங்கங்கள் பல. அவற்றுள் எத்தனை கேட்கப்பட்டன என்று அறியேன். அந்த நாலைந்து வாக்கியங்கள் கேட்கப்பட்டன என்பதை மட்டும் அறிவேன். அவையும் கடன் தீர்ந்த பின்னரே கேட்கப்பட்டன. இக்கல்லூரி வாயிலைக் கடந்து செல்லும் நாம் ஒவ்வொருவரும், செல்லுமிடத்தில் எளியவர் ஒருவராவது நம்பத்தக்கவராக, நம்பியபின் கேட்கத்தக்க சொல்லை உடையவராக வாழக் கர்த்தர் நமக்குக் கிருபை செய்வாராக.